சாக்ஸை இழுத்துவிடச் சொன்னால் குனியாதீர்கள்

பிரிட்டனுக்கு வேலைக்கு வருகிறேன், முக்கியமான ஆங்கில மரபுத்தொடர்களைப் பொருளோடு எழுதித் தாருங்கள், வாடகை, குளிர் பற்றியும் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள், தம்பி. வாடகையும் குளிரும் வந்து சேர்ந்தால் தானே பிடிபடும். மரபுத்தொடர் அப்படியல்ல, அதில் அடிபட்டவன் நான்.

'ரெய்னிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்' (மழை கொட்டுகிறது) என்று பட்டியல் போட்டு மனப்பாடம் செய்யாதீர்கள். இத்தனை வருடத்தில் அதை நம்மவர்கள் வாயிலிருந்துதான் அதிகம் கேட்டிருக்கிறேன். நாயும் பூனையும் வந்தால் உள்ளே வேறு பொருள் இருப்பது உடனே தெரிந்துவிடும். ஆளைக் கவிழ்ப்பவை சாதாரணச் சொற்களால் ஆனவை. புரிந்துவிட்டது என்றே நினைத்துக்கொள்வோம்.

வந்த புதிதில் ஒரு கிடங்கில் பெட்டி அடுக்கினேன். மேற்பார்வையாளர் ஒருநாள் 'புல் யுவர் சாக்ஸ் அப்' என்றார். குனிந்து இரண்டு காலுறைகளையும் இழுத்துவிட்டேன். அவர் முகம் சிவந்துவிட்டது. இனியாவது ஒழுங்காக வேலை செய் என்பது அதன் பொருள்; கேலி செய்கிறேன் என்று எடுத்துக்கொண்டார். இரண்டு வாரம் கழித்துக் கூப்பிட்டு, மிகத் தணிந்த குரலில் 'வி ஹாவ் டு லெட் யூ கோ' என்றார். சீக்கிரம் வீட்டுக்கு அனுப்புகிறார் என்று நன்றி சொல்லிவிட்டு வந்தேன். மறுநாள் காலை 6 மணிக்கு என் அட்டைக்குக் கதவு திறக்கவில்லை. வேலை போய்விட்டது என்று காவலாளி சொல்லித்தான் தெரியும்.

மேலாளர் 'ஐ வில் பேர் இட் இன் மைண்ட்' (மனதில் வைத்துக்கொள்கிறேன்) என்றால் நம்பிக் காத்திருக்காதீர்கள். நம் 'பார்க்கலாம்' போலத்தான். 'வித் ரெஸ்பெக்ட்' என்று தொடங்கினால் மறுப்பு வருகிறது. 'நாட் பேட்' நல்ல பாராட்டு. 'ஹாஃப் ஃபைவ்' ஐந்தரை மணி. கூட்டத்தில் ஒன்றை 'டேபிள்' செய்தால் பிரிட்டனில் விவாதத்துக்கு எடுக்கிறார்கள், அமெரிக்காவில் தள்ளிவைக்கிறார்கள்.

புரியாவிட்டால் அங்கேயே கேட்டுவிடுங்கள். இருபது வருடமாக இங்கே இருந்தும், கேட்டால் மரியாதை போய்விடும் என்று தலையாட்டிக்கொண்டே காலம் தள்ளும் நம்மவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. அந்த வேலை போனபின் நான் ஒவ்வொரு முறையும் கேட்டேன். இன்று புதியவர்களுக்கு வேலை பழக்குபவன் நான்தான்.

அடுத்த வேலையில் வயதான ஆங்கிலேயர் ஒருவர் என்னோடு இருந்தார். 'டர்ன் எ பிளைண்ட் ஐ' என்றால் என்னவென்று தேநீர் இடைவேளையில் கேட்டேன். செய்தித்தாளைச் சுருட்டிக் கண்ணில் வைத்துக்கொண்டு எழுந்து நின்றுவிட்டார். 1801-இல் கோபன்ஹேகன் கடற்போரில் பின்வாங்கச் சொல்லிக் கொடி ஏற்றினார்களாம். பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சன் தொலைநோக்கியைத் தன் பார்வையற்ற கண்ணில் வைத்து, கொடி தெரியவில்லை என்றாராம். இடைவேளை முடிந்து மணி அடித்தும் அவர் உட்காரவில்லை. அந்த வழியாக வந்த மேற்பார்வையாளர் சுருட்டிய செய்தித்தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கண்டும் காணாமல் நடந்துவிட்டார்.