ரீகால் ஆன டிரையரை, மாற்றித் தரும்வரை ஓட்டலாமா?

கேள்வி: எங்கள் வீட்டில் இருக்கும் துணி உலர்த்தும் டிரையரின் மாடலைத் திரும்பப் பெறுவதாக நிறுவனம் அறிவித்திருக்கிறது. நாலு வருடமாக ஒரு தொந்தரவும் தந்ததில்லை. பில்லும் கையில் இல்லை. மாற்றித் தரும்வரை பக்கத்திலேயே இருந்து கவனித்துக்கொண்டு ஓட்டலாமா?

பதில்: வேண்டாம். இன்றைக்கே பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள், சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது.

நாலு வருடம் நன்றாக ஓடியதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது, ஏனென்றால் இந்த மாதிரிக் குறைகள் பெரும்பாலும் நாளாக ஆகத்தான் முற்றும். துணியிலிருந்து உதிரும் பஞ்சு டிரம்முக்குப் பின்னால் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து ஹீட்டிங் எலிமென்ட்டைத் தொடும், இல்லையென்றால் ஒரு ஒயர் இணைப்பு தளர்ந்து அந்த இடம் மட்டும் சூடேறிக்கொண்டே போகும். மின்னோட்டம் அதிகமானால் தானாக மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்சான எம்சிபி இருக்கிறதே, அது விழுந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். தளர்ந்த இணைப்பில் மின்னோட்டம் வழக்கத்தைவிட அதிகமாவதில்லை, அதனால் எம்சிபிக்கு எதுவும் தெரியாது. மின்கசிவும் இல்லையென்றால், கசிவைக் கண்டு மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபியும் விழாது. பிளாஸ்டிக் கருகும் வாசனை வரும்போதுதான் உங்களுக்கே தெரியவரும்.

பக்கத்தில் இருந்து கவனித்தால் போதும் என்ற யோசனைக்கு ஒரு மோசமான முன்னுதாரணம் உண்டு. பிரிட்டனில் வேர்ல்பூல் நிறுவனம் 2015-ல் தன் டிரையர்களில் இதே பஞ்சுப் பிரச்சினையை அறிவித்தபோது, ஆள் இருக்கும்போது மட்டும் ஓட்டுங்கள் என்றுதான் சொன்னது. 2016 ஆகஸ்டில் மேற்கு லண்டனில் ஒரு அடுக்குமாடிக் கட்டடம் தீப்பிடித்தது. தீ தொடங்கியது அப்படி ஒரு டிரையரில், வீட்டில் ஆள் இருக்கும்போதே. பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள் என்று அறிவுரை மாறியது 2017-ல், முறையான ரீகால் வந்ததோ 2019-ல். அறிவிப்பின் வாசகம் இப்படிப் பாதியில் மாறும் என்பதால் சில வாரங்களுக்கு ஒருமுறை திரும்பப் போய்ப் பாருங்கள்.

அப்புறம், உங்கள் டிரையர் உண்மையிலேயே பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். கதவைத் திறந்தால் உள்பக்கமோ விளிம்பிலோ, இல்லையென்றால் பின்பக்கமோ ஒரு லேபிள் இருக்கும். மாடல் எண், சீரியல் எண் இரண்டும் வேண்டும், சில ரீகால்களில் குறிப்பிட்ட மாதங்களில் தயாரானவை மட்டுமே சேரும். 8-ஐ ‘பி’ என்றும் பூஜ்யத்தை ‘ஓ’ என்றும் படித்துவிட்டு, நம்முடையது இல்லை என்று நிம்மதியாகிவிடுவது சர்வ சாதாரணம், அதனால் போட்டோ எடுத்துப் பெரிதாக்கிப் படியுங்கள். பிராண்டு பெயரை மட்டும் நம்பவும் வேண்டாம். அமெரிக்காவில் 2013-ல் க்ரீ நிறுவனம் தயாரித்த ஈரப்பதம் நீக்கும் எந்திரங்களுக்கு வந்த ரீகாலில், ஒரே நிறுவனத்தின் சரக்கு பல பிராண்டு பெயர்களில் விற்றிருந்தது.

பில் இல்லாததற்குக் கவலைப்படாதீர்கள். இது வாரண்டி விஷயம் இல்லை, பெரும்பாலான ரீகால்களுக்கு லேபிளே போதும். ரீகால் விஷயமாக என்று யாராவது போன் செய்து பணம் கட்டச் சொன்னாலோ ஓடிபி கேட்டாலோ அது மோசடி அழைப்பு. நிறுவனத்தின் எண்ணை நீங்களே தேடிப் பேசுங்கள்.

ஒயரை நீங்களாக வெட்ட வேண்டாம். சில நிறுவனங்கள் வெட்டிப் போட்டோ அனுப்பச் சொல்லும், சில முழுதாகத் திருப்பிக் கேட்கும். பழக்கமான மெக்கானிக்கிடம் பிரிக்கக் கொடுப்பதும் வேண்டாம், வடிவமைப்பிலேயே இருக்கும் குறையை அவரால் சரிசெய்ய முடியாது. யாருக்காவது விற்பதையோ சும்மா கொடுப்பதையோ தயவுசெய்து நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள், ஆபத்து அவர்கள் வீட்டுக்குப் போகும், அறிவிப்பு போகாது.

நிறுவனமே ஆள் அனுப்பிப் பழுது பார்த்தால், என்ன மாற்றினார்கள் என்பதைத் தேதியோடும் சீரியல் எண்ணோடும் எழுதி வாங்கிக்கொண்ட பிறகு பிளக்கைச் சொருகுங்கள்.