தரவையில் (மேய்ச்சல் தரிசில்) எத்தனை ஆடு தாங்கும்? – கேள்வி பதில்

சாயல்குடியிலிருந்து: அண்ணே, பத்து ஏக்கர் தரவை இருக்கு. எத்தனை செம்மறி விடலாம்?

ஏக்கருக்கு இத்தனைன்னு யாராவது வாய்ப்பாடு சொன்னா நம்பாதீங்க. நம்ம ராமநாதபுரம் பக்கம் மழையில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில்தான். அது ஓய்ஞ்சா அந்த வருஷப் புல் இவ்வளவுதான். அதனால மார்கழிக் கடைசியில் அளந்துடுங்க. ஒரு மீட்டர் சதுரக் கம்பிச் சட்டத்தை, நல்ல இடமா பொறுக்காம, பத்து இடத்தில் போட்டு உள்ளே இருக்கிற புல்லை அடியோட அறுங்க. மொறமொறன்னு காயவெச்சு நிறுங்க. சராசரி 100 கிராம்னா ஏக்கருக்குச் சுமார் 400 கிலோ. பாதியைத் தொடக்கூடாது, புல்லோட தூர் பிழைக்கணும், மண் பறக்கக்கூடாது. மிச்சம் 200, பத்து ஏக்கருக்கு 2000 கிலோ. 30 கிலோ ஆடு நாளைக்கு ஒரு கிலோ காய்ஞ்ச தீவனம் தின்னும். தை தொட்டு ஐப்பசி வரை 300 நாள். ஆக, ஆறேழு ஆடு! கசக்கத்தான் செய்யும். ஆடியோட கணக்கை நிறுத்துறவங்கதான் புரட்டாசியில் தூரைக் கரண்ட விடுறாங்க. அறுத்த வயல்தாள், கருவை நெத்து (காய்ஞ்ச காய்) கிடைக்கிற நாட்களை மட்டும் அந்த 300-ல் கழிச்சுக்கலாம்.

அவரே: மழை ஏமாத்திட்டா?

மார்கழியிலேயே வித்துடுங்க. கிடாய்க்குட்டி, பல் விழுந்தது, மடி கெட்டது முதல்ல. இளம் பெட்டை கடைசி. பங்குனிக்குள்ள ஆடு மெலிஞ்சுடும், எல்லாரும் சந்தைக்கு ஓட்டுவாங்க, விலை படுத்துடும்.

திருப்புல்லாணியிலிருந்து: மழைப் புல் முளைச்சதும் நல்லா இருந்த ஆடு துடிச்சுச் செத்துடுதே?

பெரும்பாலும் துள்ளுமாரி நோய்தான். பட்டினி கிடந்த ஆடு இளம்புல்லை வாரித் தின்னா குடல் கிருமி பெருகி நஞ்சு கக்கும். கொழுத்த குட்டிதான் முதல்ல விழும். தடுப்பூசியை மழைக்கு முன்னாடி, ஆவணியிலேயே போடணும்; முதல் தடவைன்னா சில வாரம் விட்டு இன்னொன்னு. காலையில் வைக்கோல் போட்ட பிறகு அவிழ்த்து விடுங்க. புல் ஒரு சாண் வளரட்டும்; ஆடு மேய்ஞ்சு நாலு விரல் உயரத்துக்கு இறங்கினதும் கிடையை மாத்துங்க.

தேவிபட்டினத்திலிருந்து: உவர்மண்ணில் முளைக்கிற உமரிச் செடியை ஆடு மேயலாமா?

கொஞ்சம் மேயலாம். உப்புத் தழை, தண்ணி நிறைய கேட்கும். கிணறும் உவர்ப்பா இருந்தா இரட்டை உப்பு. தண்ணியில் கரைஞ்ச உப்பை அளக்கிற டிடிஎஸ் மீட்டர் வெச்சுப் பாருங்க: லிட்டருக்கு 5000 மில்லிகிராம் வரை செம்மறி தாங்கும், 7000 தாண்டினா சினை ஆட்டுக்கும் குட்டிக்கும் காட்டாதீங்க.

தொண்டியிலிருந்து: சீமைக்கருவை நெத்து?

காயவெச்சு இடிச்சுப் போடுங்க, மொத்தத் தீவனத்தில் கால்பங்குக்குள்ள. முழுசாப் போட்டா விதை புழுக்கையில் வந்து தரவை பூரா முளைக்கும்.