மறுபடி: மலை ரயில் கட்டுரை, முதல் பாராவே தாண்ட மாட்டேங்குது

தம்பி, காலேஜ் ஆண்டு மலருக்கு ஊட்டி மலை ரயில் பத்தி எழுத உக்காந்து முதல் பாராவையே அழிச்சு அழிச்சு எழுதறேன்னு போட்டிருந்தீங்க. அந்த பாராவ இப்போதைக்கு விட்ருங்க, அது கடைசில எழுத வேண்டியது.

1899ல குன்னூர் வரைக்கும், 1908ல ஊட்டி வரைக்கும், 2005ல யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம்னு வருஷமா அடுக்கியிருக்கீங்க, எல்லாம் சரிதான், ஆனா அது எங்க தேடினாலும் கிடைக்கும். குன்னூர்லயே இருக்கற ஆளு நீங்க, நோட்டோட ஸ்டேஷன் போய் நில்லுங்க. மேட்டுப்பாளையத்துல இருந்து ஏறி வர்ற வண்டிக்கு இன்ஜின் முன்னாடி இருக்காது, பின்னாடி இருந்து தள்ளிட்டு வரும், கல்லார் ஸ்டேஷன் தாண்டினா தண்டவாளத்து நடுவுல இருக்கற பல்லு வச்ச இரும்புப் பட்டைல இன்ஜினோட பல்சக்கரம் மாட்டி மாட்டி ஏறும், ஒவ்வொரு பெட்டிலயும் ஒரு பிரேக்ஸ்மேன் நிப்பார். அவர்கிட்ட பேசுங்க. மழைல அந்த பிரேக்க பிடிச்சா கை எப்படி இருக்கும்னு கேளுங்க, சொல்றத அவர் பேச்சுலயே குறிச்சுக்கோங்க.

வீட்டுக்கு வந்து நோட்ட பாக்காம, மனசுல நிக்கறத மட்டும் ஒரே மூச்சுல எழுதுங்க, நடுவுல எதையும் திருத்தாதீங்க. வருஷம், பேரு எல்லாம் அப்புறம் சரிபாத்துக்கலாம். ரெண்டு நாள் மூடி வச்சிட்டு சத்தமா வாசிங்க, மூச்சு முட்டற இடத்துல வாக்கியத்த உடைங்க. "இயற்கை எழில் கொஞ்சும்" மாதிரி வரிய எல்லாம் வெட்டுங்க, எனக்கு அது மேல நிஜமாவே கோவம், இங்க பனில வேலை பாக்கற மனுஷங்கள அது மறைச்சிடுது. அதுக்கப்புறம் பாருங்க, நடுவுல இருக்கற ஒரு பாரா தானா மேல போய் உக்காந்துக்கும்.

அச்சுக்கு குடுக்கறதுக்கு முன்னாடி அந்த பிரேக்ஸ்மேன்கிட்ட அவர் பகுதிய வாசிச்சு காட்டிடுங்க, பேரு போடலாமான்னும் கேட்டுக்கோங்க.