எருசலேம் போய்வந்தால் பிறகு குவைத்துக்கு வேலைக்குப் போக முடியுமா?

அம்மாவை எருசலேம் யாத்திரைக்குக் கூட்டிப் போகிறீர்கள், அடுத்த வருடம் குவைத்தில் வேலை தேடும் எண்ணமும் இருக்கிறது, இஸ்ரேல் முத்திரை விழுந்தால் வம்பாகுமா என்று கேட்கிறீர்கள். நானும் 2018-இல் இதே பயத்தோடுதான் கிளம்பினேன்.

குவைத்துக்கு இஸ்ரேலோடு உறவு கிடையாது, அங்கே போய்வந்த அடையாளம் பாஸ்போர்ட்டில் இருந்தால் வம்புதான். ஆனால் இஸ்ரேல் முத்திரையை நினைத்துப் பயப்பட வேண்டாம். 2013 வாக்கிலேயே பாஸ்போர்ட்டில் குத்துவதை அவர்கள் நிறுத்திவிட்டார்கள். உள்ளே போகும்போது நீல நிறத்தில் சின்னச் சீட்டு ஒன்று தருவார்கள், அவ்வளவுதான். எங்கள் குழுவுக்கு விசாவும் தனித்தாளில்தான் வந்தது. உங்களுக்கு எப்படி என்று ஏஜென்ட்டிடம் பணம் கட்டும் முன்பே கேட்டுவிடுங்கள்.

காட்டிக்கொடுப்பது பக்கத்து நாட்டு முத்திரை. நம்மூர் யாத்திரைக் குழுக்கள் பெரும்பாலும் ஜோர்டான், இஸ்ரேல், எகிப்து மூன்றையும் ஒரே பயணத்தில் பார்த்துவிடும். எருசலேமிலிருந்து எகிப்துக்குத் தரைவழியாகப் போனால் தாபா எல்லையைத் தாண்ட வேண்டும். எகிப்து 1979-லேயே இஸ்ரேலோடு சமாதானம் செய்துகொண்ட நாடு, அதனால் அது தாராளமாக முத்திரை குத்தும். தாபாவுக்கு அந்தப் பக்கம் இஸ்ரேலின் ஈலாத்தைத் தவிர வேறு எதுவும் இல்லை. முத்திரையில் ஊர்ப்பெயர் அரபியிலும் இருக்கும். குவைத் அதிகாரிக்கு அதைப் படித்துச் சொல்ல ஆள் தேவையா என்ன!

ஜோர்டானிலிருந்து எருசலேம் பக்கம் போகும் கிங் ஹுசைன் பாலம் மட்டும் விசித்திரமானது. பாலத்துக்கு அப்பால் இருக்கும் மேற்குக் கரைப் பகுதியை ஜோர்டான் 1988 வரை தன் மண்ணாகவே சொல்லிக்கொண்டிருந்ததால், அந்தப் பாலத்தை முழு எல்லையாக அது நடத்துவதில்லை. முத்திரையைத் தனித்தாளில் குத்திக் கொடுக்கும். அம்மானில் இறங்கி, பாலம் வழியாகப் போய், அதே வழியில் திரும்பி, அம்மானிலிருந்தே விமானம் ஏறினால் பாஸ்போர்ட்டைப் பார்ப்பவருக்கு நீங்கள் ஜோர்டான் மட்டும் போனதாகத்தான் தெரியும். பாலம் வழியாகப் போய் தாபா வழியாக வெளியேறினால், ஜோர்டானுக்குள் நுழைந்ததற்கு முத்திரை இருக்கும், வெளியே வந்ததற்கு இருக்காது. நான் அப்படித்தான் மாட்டிக்கொண்டேன்.

எங்கள் பயண நிரலில் தாபா இருந்ததை நான் கவனிக்கவேயில்லை. மறுவருடம் குவைத் வேலைக்குப் பேசியபோது, பாஸ்போர்ட் நகலைப் பார்த்த ஏஜென்ட், "தம்பி, இது வேண்டாம், புதுசு எடுத்துட்டு வாங்க" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். புதுசு எடுத்தேன். ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: நம் புதிய பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் பழைய பாஸ்போர்ட் எண்ணும் அச்சாகி வரும். பழையதையும் காட்டச் சொன்னால் காட்டத்தான் வேண்டும். என்னிடம் யாரும் கேட்கவில்லை, அது அதிர்ஷ்டம். கேட்டிருந்தால் பொய் சொல்லியிருக்க மாட்டேன், நீங்களும் சொல்லாதீர்கள். பொய் சொல்லி மாட்டினால் முத்திரையைவிடப் பெரிய வம்பு.

துபாய்க்கு இந்தக் கவலையே வேண்டாம். அமீரகம் 2020-இல் இஸ்ரேலோடு உறவு வைத்துக்கொண்டது. குவைத்தும் லெபனானும் அப்படியில்லை.

சரி, இப்போதைக்குச் செய்ய வேண்டியது ஒன்றுதான். ஏஜென்ட்டிடம் நிரலை வாங்கி, தாபா இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், எகிப்து இல்லாத குழு எப்போது கிளம்புகிறது என்று கேளுங்கள்.