தொப்பியை மெஷினில் போட வேண்டாம்

தம்பி, கருநீலப் பேஸ்பால் தொப்பியில் வியர்வை உப்பு வெள்ளைக் கோடாகப் படிந்துவிட்டது, வாஷிங் மெஷினில் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். போடாதீர்கள். சுற்றுகிற சுற்றில் முன்விளிம்பு மடங்கிவிட்டால் அப்புறம் நிமிர்த்துவது பெரும்பாடு.

முதலில் விளிம்பை நகத்தால் சுண்டிப் பாருங்கள். பொத்தென்று சத்தம் வந்தால் உள்ளே அட்டையாக இருக்கலாம். பழைய தொப்பிகளில் அப்படித்தான். அதை ஊறவைத்தால் கூழாகிவிடும், ஈரத்துணியால் துடைப்பதோடு சரி. லேசாக வளைத்துவிட்டதும் துள்ளி நிமிர்ந்தால் பிளாஸ்டிக், பயமில்லை.

ஈர வெள்ளைத்துணியால் உள்பக்கம் தேய்த்துச் சாயம் போகிறதா என்று பார்த்துவிட்டு, பச்சைத்தண்ணீரில் கொஞ்சம் ஷாம்பு கலந்து 20 நிமிடம் ஊறவையுங்கள். உப்பு தானாகக் கரைந்துவிடும். உள்பட்டையில் ஏறியிருக்கும் எண்ணெய்ப்பிசுக்குதான் அடம்பிடிக்கும். அதற்குப் பழைய டூத்பிரஷ். பிளீச்சிங் பக்கம் போகவே வேண்டாம்.

காரைக்குடி என்கிறீர்கள். உங்கள் வீட்டு போர் தண்ணீர் உப்பாக இருந்தால் கடைசி அலசல் குடிதண்ணீரில் இருக்கட்டும். இல்லையென்றால் காய்ந்ததும் அதே வெள்ளைக்கோடு திரும்ப வந்து நிற்கும். நான் இரண்டு முறை துவைத்த பிறகுதான் எனக்கே இது உறைத்தது.

பிழியாமல் துண்டால் ஒற்றியெடுத்து, தலையளவு பாத்திரத்தைக் கவிழ்த்து அதன்மேல் மாட்டி, வளவில், அதாவது வீட்டு உள்முற்றத்தில், நிழலாகக் காற்றாட வையுங்கள். வெயிலில் நீலம் வெளுத்துவிடும். எங்கள் வீட்டில் இதற்கென்றே அப்பத்தாவின் மங்குக் (பீங்கான்) கிண்ணம் ஒன்று இருக்கிறது. உங்கள் ஊர் முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைக்காரர்கள் பார்த்தால் வயிறெரிவார்கள்.