வயிறு நிறைந்தால் எல்லோரும் நல்லவர்களா? ஸ்டார் ட்ரெக் கேள்வி பதில்

சொன்னபடி சனிக்கிழமை மாலை உட்கார்ந்துவிட்டேன். எனக்குத் தெரிந்தது ஸ்டார் ட்ரெக் என்ற அமெரிக்க விண்வெளி டிவி கதைகள், அதிலும் 1987 முதல் 1999 வரை வந்த தொடர்கள். முன்கூட்டியே ஒரு எச்சரிக்கை: முழு எபிசோடையும் பார்த்துவிட்டுக் கேளுங்கள். இரண்டு நிமிடத் துண்டு வீடியோவைப் பார்த்துவிட்டுச் சண்டைக்கு வராதீர்கள்.

செம்பருத்தி: கூட்டமைப்பில் பணமே கிடையாது என்கிறார்கள். அப்படியானால் அது கம்யூனிசம்தானே?

கூட்டமைப்பு என்பது பூமியும் வேறு பல கிரகங்களும் சேர்ந்த அரசு. அங்கே ஆரம்பத்திலிருந்தே பணம் இல்லாமல் இருந்ததில்லை. 1967இல் வந்த, ட்ரிபிள் என்ற ரோமப் பிராணிகள் வரும் எபிசோடில் கிரெடிட் கணக்கில் பேரமே நடக்கும். 1996 படத்தில்தான் 'நெக்ஸ்ட் ஜெனரேஷன்' தொடரின் கப்பல் கேப்டன் பிகார்ட், 24ஆம் நூற்றாண்டில் பணம் என்ற ஒன்றே இல்லை என்று அடித்துச் சொல்கிறார். ஆனால் பிகார்டின் அண்ணனுக்குப் பிரான்ஸில் திராட்சைத் தோட்டம் இருக்கிறது. 'டீப் ஸ்பேஸ் நைன்' தொடரின் நாயகனான கூட்டமைப்பு அதிகாரி சிஸ்கோவின் அப்பா நியூ ஆர்லியன்ஸில் ஓட்டல் நடத்துகிறார். சொத்து இருக்கிறது, கடை இருக்கிறது, கட்சி மட்டும் கண்ணில் படவில்லை. எந்திரத்தின் முன் நின்று "ஏர்ல் கிரே டீ, சூடாக" என்றால் கோப்பையோடு வந்து நிற்கும் உலகத்தில், ஆலை யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியே பழசாகிவிடுகிறது. தேவை தீர்ந்த மனிதன் பொழுதை எப்படிக் கழிப்பான் என்பதுதான் இந்தக் கதைகளுக்கு முக்கியம்.

அரைத்தூக்கம்: மனிதன் இயல்பிலேயே நல்லவன் என்று ஸ்டார் ட்ரெக்கை உருவாக்கிய ஜீன் ராடன்பெரி நம்பினாரா? அவ்வளவு அப்பாவியா அவர்?

அப்பாவி என்று சொல்ல முடியாது. இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சு விமானம் ஓட்டியவர், பிறகு லாஸ் ஏஞ்சலிஸ் போலீஸில் வேலை பார்த்தவர். மனிதனின் அழுக்கு அவருக்குத் தெரியாததல்ல. இருந்தும் 'நெக்ஸ்ட் ஜெனரேஷன்' எழுத வந்தவர்களுக்கு ஒரு கட்டுப்பாடு வைத்தார்: கப்பல்காரர்கள் தங்களுக்குள் அற்பச் சண்டை போடக்கூடாது, மனித இனம் அதைத் தாண்டிவிட்டது. சண்டை இல்லாமல் நாடகம் எங்கிருந்து வரும் என்று எழுத்தாளர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். 1991இல் அவர் இறந்தார். 1993இல் தொடங்கிய 'டீப் ஸ்பேஸ் நைன்' அந்த விதியை உடைக்காமல் ஓரமாக நகர்த்தியது. ஒரே விண்நிலையத்தில் பஜோரர், ஃபெரெங்கி, ஒரு கார்டேசியத் தையல்காரர் என்று பல வேற்றுக்கிரக இனத்தவரைக் குடிவைத்தது. கூட்டமைப்பு மனிதர்களை வெளியாள் கண்ணால் பார்க்க அதுதான் வழி.

அதில் சாராயக்கடைக்கார ஃபெரெங்கி குவார்க் 1998இல் ஒரு போர்க்கள எபிசோடில் பேசுவதைக் கேளுங்கள். மனிதர்கள் வயிறு நிறைந்து வசதியாக இருக்கும்வரை நல்லவர்கள்தான். சாப்பாடு, தூக்கம், குளியல் எல்லாவற்றையும் பறித்துப் பாருங்கள், போர்வெறி பிடித்த கிளிங்கான் இனத்தையே மிஞ்சுவார்கள் என்கிறான். பசி வந்தால் பத்தும் பறந்துபோகும் என்று நம் வீட்டுப் பாட்டி சொல்வதையேதான் அவன் சலிப்போடு சொல்கிறான். தொடர் அவனை மறுக்கவில்லை. நான் புரிந்துகொண்டதும் அதுதான்: இந்தக் கதைகளில் மனிதனின் சுபாவம் மாறவில்லை, அவன் இருக்கும் நிலைமைதான் மாறியிருக்கிறது.

கடல்நண்டு: ஸ்டார் வார்ஸ் அரசியல் பற்றி?

என் ஏரியா இல்லை. 2005 படத்தில் செனட் கைதட்டும் காட்சியைப் பார்த்துவிட்டு, அந்தப் பக்கம் தெரிந்தவர் யாரிடமாவது கேளுங்கள்.

புதியவன்: எந்த வரிசையில் பார்க்கணும்?

வந்த வரிசையில்.

மழைக்காகம்: ரோமுலன்களைப் போருக்குள் இழுக்க சிஸ்கோ செய்தது சரிதானே? கடைசிக் காட்சி ஒரு துண்டு பார்த்தேன், மனுஷன் பின்னிவிட்டார்!

துண்டு! மேலே என்ன எழுதியிருக்கிறேன்?

தெரியாதவர்களுக்காக: டொமினியன் என்ற எதிரிப் பேரரசிடம் கூட்டமைப்பு தோற்றுக்கொண்டிருக்கிறது, ரோமுலன்கள் என்ற இன்னொரு வல்லரசு இனத்தார் ஒதுங்கி நிற்கிறார்கள். அவர்களைத் தாக்க டொமினியன் திட்டமிடுவதாக ஒரு போலிப் பதிவைத் தயாரிக்கிறார் சிஸ்கோ. போலி என்று ரோமுலன் செனட்டர் கண்டுபிடித்துவிடுகிறார். அவர் திரும்பிப் போகும் கலம் வெடிக்கிறது. குண்டு வைத்தது தையல்காரர் கேரக். பழி டொமினியன் மேல் விழ, ரோமுலன்கள் போரில் இறங்குகிறார்கள். இதையெல்லாம் சிஸ்கோ தன் அறையில் தனியாகப் பதிவு செய்துகொண்டே, இதோடு என்னால் வாழ முடியும் என்கிறார். உடனே அதையே இன்னொரு முறையும் சொல்கிறார். பிறகு பதிவை அழிக்கச் சொல்கிறார். நிஜமாகவே வாழ முடிந்தவன் எதற்கு இரண்டு தடவை சொல்கிறான்?

மழைக்காகம்: அழித்தது ரகசியத்துக்காக. விஷயம் வெளியே வந்தால் ரோமுலன்கள் திரும்பி அடிப்பார்களே.

நல்ல பதில், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ரகசியம்தான் முக்கியம் என்றால் வாயைத் திறந்திருக்கவே வேண்டாமே.

இரும்புக்கை: இரண்டு உயிருக்குப் பல கோடி உயிர். கணக்கு எளிது.

கேரக்கும் அதே கணக்கைத்தான் சொல்கிறார், சிஸ்கோவிடம் அடி வாங்கிய பிறகு. செனட்டரையும் பதிவைத் தயாரித்த குற்றவாளியையும் எண்ணிவிட்டு, கூடவே ஓர் அதிகாரியின் சுயமரியாதையையும் சேர்க்கிறார். நீங்கள் அதை விட்டுவிட்டீர்கள். இன்னொன்றையும் எல்லோரும் மறக்கிறீர்கள்: போலிப் பதிவுக்குக் கூட்டமைப்பின் விண்படையான ஸ்டார்ஃப்ளீட்டின் தலைமை ஒப்புதல் கொடுத்திருந்தது. ஒரு தனி ஆளின் சறுக்கல் என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

அரைத்தூக்கம்: அப்படியானால் நல்ல நிறுவனங்கள் மனிதனைக் காப்பாற்றும் என்ற நம்பிக்கையும் போச்சா?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். இரண்டு ஆண்டு பின்னால் போங்கள், 1996. உருமாறும் எதிரிகள் பூமிக்கு வந்துவிட்டதாகப் பீதி. உடலிலிருந்து பிரிந்தால் அவர்களுடைய ரத்தம் கூழாகிவிடும் என்பதால் எல்லோருக்கும் ரத்தப் பரிசோதனை. சிஸ்கோவின் அப்பா மறுக்கிறார். ஓட்டல் சமையலறையில் காய் நறுக்கிக்கொண்டே மகனோடு வாக்குவாதம், கையை வெட்டிக்கொள்கிறார். மகன் காயத்தைப் பார்க்கவில்லை. கத்தியில் இருக்கும் ரத்தம் மாறுகிறதா என்று பார்த்துக்கொண்டு நிற்கிறான். அப்பாவுக்குப் புரிந்துவிடுகிறது. கெட்டிக்கார எதிரியாக இருந்தால் யாரையாவது கொன்று அந்த ரத்தத்தை உள்ளே வைத்திருந்து, வேண்டும்போது சிந்திக் காட்டமாட்டானா என்று கேட்கிறார்.

அந்தப் பீதியைக் கிளறி ஆட்சியைப் பிடிக்கப் பார்ப்பவர் ஸ்டார்ஃப்ளீட்டின் ஓர் அட்மிரல். அவரைத் தடுத்து நிறுத்துவது இதே சிஸ்கோ. 1998இல் போலிப் பதிவு தயாரித்ததும் இதே சிஸ்கோ. அதனால் நல்ல நிறுவனம், கெட்ட நிறுவனம் என்று என்னால் பிரிக்க முடியவில்லை. 96இல் முரண்டு பிடிக்க ஒரு கிழவர் இருந்தார். 98இல் யாரும் இல்லை.

விண்மீன்தாசன்: கூட்டமைப்பு கம்யூனிசமா?

மேலே.

நெல்லிக்காய்: அது கம்யூனிசம்தானே, ஏன் மழுப்புகிறீர்கள்?

மேலே போங்கள். முதல் கேள்வி.

மழைக்காகம்: சரி, முழு எபிசோடும் பார்க்கிறேன். கடைசியாக ஒன்று: 2024இல் கலவரம் என்று காட்டிய எபிசோட் பொய்த்துவிட்டதே?

1995 ஜனவரியில் இரண்டு பாகமாக வந்தது அது. ஜோசியம் என்று அதைப் பார்க்காதீர்கள். 2024 சான் ஃபிரான்சிஸ்கோவில் வேலையும் வீடும் இல்லாதவர்களை மதில் கட்டிய பகுதிக்குள் அடைத்து வைத்திருப்பார்கள். காலம் தவறி அங்கே போய் மாட்டிக்கொள்ளும் சிஸ்கோ, செத்துப்போன ஒரு கலவரத் தலைவனின் பெயரைத் தானே சூடி நிற்க வேண்டியதாகிறது. எல்லாம் முடிந்து தங்கள் காலத்துக்குத் திரும்பியதும் கூடவே மாட்டிக்கொண்ட டாக்டர் பஷீர் கேட்பார், நிலைமை இவ்வளவு மோசமாகும்வரை எப்படி விட்டார்கள் என்று. நல்ல கேள்வி, பதில் தெரிந்தால் தேவலை என்பார் சிஸ்கோ.