கரண்ட் மீன் ஷாக் அடிக்குமா?

கேள்வி: நாகர்கோவிலில் ஒரு வண்ணமீன் கடையில் கறுப்பாக, தட்டையாக, முதுகுத் துடுப்பே இல்லாத ஒரு மீனைப் பார்த்தேன். வாலில் ரெண்டு வெள்ளை வளையம். 'கரண்ட் மீன்' என்றார் கடைக்காரர். கையை விட்டால் ஷாக் அடிக்குமா? நம்ம கோதையாற்றில் இது உண்டா?
- வாசகர், திருவட்டாறு

பதில்: அடிக்காது, தைரியமாகக் கையை விடலாம். ஆனால் கடைக்காரர் சொன்னது உண்மைதான், அது மின்சாரம் உண்டாக்கும் கத்தி மீன். நமக்கு உறைக்காத அளவுக்குச் சின்ன மின்சாரம், அவ்வளவே. 860 வோல்ட் வரை அடிக்கும் மின்விலாங்கும் இதே கூட்டத்தைச் சேர்ந்ததுதான் என்பதால் இந்தப் பயம் வருவது சகஜம்.

இந்தக் கூட்டத்தின் சொந்த ஊர் தென் அமெரிக்கா, மத்திய அமெரிக்கா. கோதையாற்றில் கிடையாது. நம் பக்கத்துச் சொட்டைவாளைக்கும் கத்தி மாதிரி உடம்பு, வயிற்றோரம் நீளத் துடுப்பு எல்லாம் உண்டு, ஆனால் அது வேறு குடும்பம், கரண்டும் கிடையாது.

அமேசான் காட்டு ஓடைகளில் சருகும் வேரும் மண்டிய கலங்கல் தண்ணீரில், விரல் நீளமே உள்ள வகைகள்கூட ராத்திரியில் பூச்சிப் புழுக்களைத் தேடிப் பிடிக்கின்றன. கண்ணை நம்பி அல்ல. உடம்பைச் சுற்றி ஒரு மெல்லிய மின்புலத்தைப் பரப்பி வைத்திருக்கும், அதற்குள் கல் வந்தால் ஒரு மாதிரி, புழு வந்தால் வேறு மாதிரி அந்தப் புலம் மாறும், அதைத் தோலில் உள்ள உணர்விகள் பிடித்துக்கொள்ளும். உடம்பை நெளித்தால் புலமும் குலையுமே, அதனால்தான் முதுகை விறைப்பாக வைத்துக்கொண்டு வயிற்றுத் துடுப்பை மட்டும் அலை அலையாக ஆட்டி முன்னும் பின்னும் நீந்துகிறது. கடைக்குத் திரும்பப் போனால் அந்தத் துடுப்பைக் கொஞ்ச நேரம் பாருங்கள், அவ்வளவு அழகு.

ரெண்டு மீன் கிட்டத்தட்ட ஒரே அலைவரிசையில் மின்சாரம் விட்டால் குழப்பம் வரும் இல்லையா? சில வகைகள் உடனே தங்கள் அலைவரிசையை ஒன்றுக்கொன்று விலக்கிக்கொள்ளும். 1963-லேயே வதனபே, தகேதா என்ற ஜப்பானிய ஆய்வாளர்கள் இதைக் கண்டு எழுதினார்கள்.

கேள்வி: வாங்கி வளர்த்து, பெரிசானதும் பேச்சிப்பாறை அணையில் விட்டுவிடலாமா?
- அதே வாசகர்

பதில்: தயவுசெய்து வேண்டாம். தென் அமெரிக்காவிலிருந்து தொட்டிக்கென்று வந்த டேங்க் கிளீனர் மீன் தமிழ்நாட்டு நீர்நிலைகளில் பரவி ஏற்கெனவே பாடாய்ப் படுத்துகிறது. இந்தக் கறுப்பு மீன் ஒன்றரை அடிக்கு மேலேயே வளரும், பகலில் ஒளிய ஒரு குழாய்த் துண்டும் வேண்டும். பெரிய தொட்டி வைக்க இடமிருந்தால் மட்டும் வாங்குங்கள். அப்புறம் சமாளிக்க முடியவில்லையென்றால் கடையிலேயே திருப்பிக் கொடுங்கள்.